ரசகற்பூரம்

ஆயிஷா மேலப்பாளையத்துப் பெண். வஹாபுக்கு வாக்கப்பட்டு புனேக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் அவர்கள் குடியிருந்த கோர்படிப் பகுதியில் அவள் தனியாகப் போய்வரும் இடம் என்றால் தெருமுனை மளிகைக்கடையும் அதற்கு எதிரே நிற்கும் காய்கறி வண்டியும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வஹாப் வேண்டும். அவன் கேம்ப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். பெல்ட், பர்ஸ், டிராவல் பை. காலையில் போனால் ராத்திரிதான் திரும்புவான். வரும்போதே மருந்து, பால் பாக்கெட், பிள்ளைக்குத் துணி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். "நீ எதுக்கு அலையணும்?" என்பான்.

பிரியத்தில் சொல்வதுதான். அந்தப் பிரியத்தாலேயே அவளுக்கு இந்தி படியாமல் போயிற்று. கடைக்காரர் பேசினால் ஓரளவு புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது. ஊரில் வாயாடி என்று பேர் வாங்கியவள், ப்ளஸ் டூவில் வகுப்பிலேயே முதல் மார்க். "இங்க வந்து நான் ஊமையாயிட்டேன் உம்மா" என்று போனில் சொல்லிச் சிரிப்பாள்.

பிள்ளை பேர் ஹம்தான். வரும் ரம்ஜானுக்கு இரண்டு வயது முடியும். சுவரைப் பிடிக்காமல் ஓடத் தொடங்கிவிட்டான். கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்காமல் கீழே போடமாட்டான்.

அது நவம்பர் மாதம். விடிகாலையில் தரையில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். வஹாப் கடைக்குப் போன பிறகு ஆயிஷா கட்டிலுக்கடியில் இருந்த பெரிய பெட்டியை இழுத்துத் திறந்தாள். போன வருஷம் மாமியார் வந்திருந்தபோது ஸ்வெட்டர், கம்பளி எல்லாவற்றையும் மடித்து, பூச்சி அரிக்காமல் இருக்க வெள்ளை உருண்டைகளைத் துணியில் முடிந்து நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊருக்கு ஊர் அதற்கு ஒரு பேர். அந்துருண்டை என்பார்கள், பாச்சா உருண்டை என்பார்கள். ஆயிஷா வீட்டில் அது ரசகற்பூரம். அவர்கள் தெருக் கடையில் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் கேட்பார்கள்.

பிள்ளையின் ஸ்வெட்டரை எடுத்து உதறிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடினாள். அடுப்பை அணைத்தாள். மேடையில் வழிந்ததை ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

உள்ளே சத்தமே இல்லை. ஹம்தான் விழித்திருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

கம்பளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் புடைத்திருந்தது. எதையோ கடித்துக்கொண்டிருந்தான். கடைவாயில் எச்சிலோடு வெள்ளையாக வழிந்தது. முகத்தைச் சுளித்திருந்தான், ஆனாலும் துப்பவில்லை. துணி முடிச்சு அவிழ்ந்து, உருண்டைகள் கட்டிலுக்கடியில் சிதறிக் கிடந்தன.

"யா அல்லா!"

பாய்ந்து போய் அவன் தாடையைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டாள். துண்டு துண்டாக வந்தது. அவன் வீறிட்டான். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் விட்டு வாயைக் கழுவினாள். எவ்வளவு முழுங்கியிருப்பான்? முடிச்சில் எத்தனை இருந்தது என்று மாமிக்குத்தான் தெரியும். பாதி கடித்த உருண்டை ஒன்று தரையில் கிடந்தது. மீதிப் பாதி அவன் வயிற்றிலா, வந்து விழுந்த துண்டுகளிலா? ஒன்றோடு நிறுத்தினானா, அதற்கு முன்பே ஒன்றைத் தின்றானா?

வஹாபுக்குப் போன் போட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"தாயி! தாயி!"

எதிர்வீட்டு சுலபாவை எல்லோரும் தாயி, அதாவது மராத்தியில் அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்; கணவர் சரக்கு ரயிலில் கார்டு. அநேகமாக வெளியூரில்தான் இருப்பார். தாயி ஐம்பதைத் தாண்டியவர். பேங்குக்குப் போகத் தயாராகி, புனேப் பெண்கள் வண்டியில் போகும்போது கட்டிக்கொள்வதுபோல முகம் முழுக்கத் துணியைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய நின்றிருந்தார்.

"க்யா ஹுவா?"

"பச்சா… பச்சா காயா…" பிள்ளை தின்றுவிட்டான் என்று சொல்வதற்குள் ஆயிஷாவுக்கு மூச்சு வாங்கியது. ரசகற்பூரத்துக்கு இந்தியில் என்ன? கற்பூரத்துக்குத் தெரியும். தாயி வீட்டில் சாயங்காலம் ஆரத்தி காட்டும்போது அந்தப் பேர் காதில் விழுந்திருக்கிறது. "கபூர்! கபூர் காயா!"

"கபூரா? அரே தேவா!"

தாயி வேறொன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஆயிஷா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் ஓடினாள். செருப்புப் போடவில்லை என்பது ஸ்கூட்டரில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் ஆட்டோ, பைக், பள்ளிக்கூட வேன் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. சரக்கு வண்டி ஒன்று தூங்கி வழிந்துகொண்டு போனது. முடிவதாகவே இல்லை. ஹம்தான் அழுகையை நிறுத்தியிருந்தான். தலை அவள் தோளில் சாய்ந்தது. கண் சொக்கியது. வழக்கமாக அவன் தூங்கும் நேரம்தான் அது. ஆனால் இது தூக்கமா, மயக்கமா? ஆயிஷா அவன் தொடையில் கிள்ளினாள். வீல் என்று கத்தினான். அந்தக் கத்தல் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தலை சாய்ந்தது. மறுபடி கிள்ளினாள்.

பக்கத்து ஸ்கூட்டரிலிருந்த பெண் என்னவென்று கேட்டாள். தாயி மராத்தியில் சொன்னார். அந்தப் பெண், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கச் சொல்லிக் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஆயிஷா கை நீட்டப் போனாள். தாயி தடுத்துவிட்டார். "வேண்டாம். புரையேறினால் என்ன செய்வாய்? டாக்டர் சொல்லட்டும்."

கேட் திறந்ததும் தாயி ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர்தான் அவசரப் பிரிவில் இருந்தார். என்ன தின்றான், எப்போது, எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். "கித்னா?" என்றது மட்டும் ஆயிஷாவுக்குப் புரிந்தது. கட்டைவிரலைக் காட்டினாள். பிறகு அதில் பாதியைக் காட்டினாள். பிறகு தலையை ஆட்டினாள். தெரியவில்லை என்பதற்கு வார்த்தைகூடத் தேவையில்லை, அவள் முகமே சொன்னது.

"கற்பூரம் டாக்டர், பூஜைக்கு வைக்கிற கற்பூரம்" என்று தாயி மராத்தியில் அடித்துச் சொன்னார். டாக்டர் பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தார். காரமான வாசனை இருந்தது. "ஹாங், கபூர்" என்று தலையசைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பூரம் பொல்லாதது, சீக்கிரமே வலிப்பு வரலாம், கண்காணிப்பில் வைக்கவேண்டும் என்றார். வலிப்பு என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை ஆயிஷாவுக்குப் புரியவில்லை. தாயியைப் பார்த்தாள். தாயி இரண்டு கையையும் விறைப்பாக நீட்டி உதறிக் காட்டினார்.

அந்த உதறலைப் பார்த்ததும் ஆயிஷா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தப் பகல் முழுவதும் அவள் செய்த வேலை ஒன்றுதான். பிள்ளையின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் ஊசி ஏற்றி, அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். தூக்கத்தில் குழந்தைகளுக்கு உதடு துடிக்கும், கால் வெடுக்கென்று இழுக்கும். வீட்டில் அதைப் பார்த்தால் கனவு காண்கிறான் என்று சிரிப்பாள். இப்போது ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து "சிஸ்டர்!" என்று கத்தினாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போவாள். மறுபடியும் கூப்பிடுவாள்.

ஒருவழியாகப் போன் கிடைத்து வஹாப் வந்து சேர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "எப்படி நடந்துச்சு? நீ எங்க இருந்த?"

"பால் பொங்குச்சுங்க. அடுப்ப அணைக்கப் போனேன். அதுக்குள்ள…"

அவன் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு வாய்க்குள் துஆ ஓதினான்.

வலிப்பு வரவில்லை. சாயங்காலம் ஹம்தான் எழுந்து, கையிலிருந்த அட்டையைக் கட்டில் கம்பியில் தட்டி விளையாடினான். பிஸ்கட் கேட்டான். டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வருவதாயிருந்தால் இதற்குள் வந்திருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார். வஹாப் அந்த டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஆயிஷா அந்தப் பெட்டியை அப்படியே மூடி, நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேல் தள்ளினாள். உம்மாவுக்குப் போன் பண்ணி அழுதாள். மறுநாள் ஹம்தான் எப்போதும்போல் ஓடினான். அவள் பின்னாலேயே ஓடினாள். கண்டம் கழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கும் மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான். பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பினான். சளி பிடித்திருக்கும் என்று வஹாப் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான். அன்று அவனுக்கு மும்பையிலிருந்து சரக்கு வரவேண்டியிருந்தது.

பத்து மணி வாக்கில் பிள்ளை ஜட்டியோடு மூத்திரம் போய்விட்டான். கழற்றி அலசப் போன ஆயிஷா வாளிக்கு மேலே கையை அப்படியே நிறுத்தினாள். வெள்ளை ஜட்டி பழுப்பேறிக் கிடந்தது. மூத்திரம் இந்த நிறத்திலா இருக்கும்? பால் விடாத டீயைக் கொட்டினதுபோல் இருந்தது. தரையில் சிந்தியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். கறுப்பும் சிவப்புமாக இருந்தது.

பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வெளிச்சத்தில் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை. வெள்ளை விழியில் மஞ்சள் படர்ந்திருந்தது. உதடு சுண்ணாம்பு அடித்த மாதிரி. நெஞ்சில் காதை வைத்தாள். குருவி நெஞ்சு அடிப்பதுபோல் படபடவென்று ஓடியது.

வஹாபுக்குப் போன் பண்ணினாள்.

"ஒண்ணுக்கு கறுப்பா போறான்ங்க. கண்ணு மஞ்சளா இருக்கு."

"தண்ணி சரியா குடுத்திருக்க மாட்ட. மஞ்சக்காமாலையா இருந்தாலும் இருக்கும். லோடு இறக்கிட்டிருக்காங்க ஆயிஷா, மதியம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"மதியம் வரைக்கும் தாங்காதுங்க."

"டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாரே. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

என்ன சம்பந்தம் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் சம்பந்தம் இருக்கிறது என்று அடிவயிறு சொன்னது. "நான் போறேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்று போனை வைத்தாள். வஹாபிடம் அவள் அப்படிப் பேசியதே கிடையாது.

தாயி வீடு பூட்டிக் கிடந்தது. ஆயிஷா ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ஈர ஜட்டியைப் போட்டாள். முந்தாநாள் டாக்டர் எவ்வளவு என்று கேட்டபோது விரலைக் காட்டித் தடுமாறினது நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் கேட்டால்? நாற்காலியில் ஏறி, பெட்டியை இறக்கி, ஓர் உருண்டையை எடுத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, வந்த முதல் ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

ஆட்டோ போகும்போது பிள்ளை ஒருமுறைகூட அழவில்லை. இம்முறை கிள்ளியும் சிணுங்கினானே ஒழியக் கத்தவில்லை. ஆயிஷா அவன் காதருகே, "ஹம்தான், உம்மாவப் பாரு, உம்மாவப் பாருல" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ரயில்வே கேட் பக்கம் போகாமல் சந்து சந்தாக விட்டார்.

அன்று பிள்ளைகள் பிரிவில் இருந்தவர் டாக்டர் பாபட். முடியைக் கட்டையாக வெட்டியிருந்த, குள்ளமான, வயதான அம்மாள். பிள்ளையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இமை, உள்ளங்கை, வயிறு என்று மளமளவென்று பார்த்தார். ஆயிஷா பையிலிருந்து ஜட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அசிங்கம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன தின்றான்?"

"கபூர்" என்றாள் ஆயிஷா. "தோ தின்… தோ தின் பஹலே." இரண்டு நாளைக்கு முன்னால்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். கற்பூரம் தின்றால் இப்படி ஆகாதே என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. ஆயிஷா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டினாள். மூடியை எடுத்ததுமே அறைக்குள் வாசனை குப்பென்று வந்தது.

டாக்டர் உருண்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"யே கபூர் நஹி ஹை" என்றார் மெதுவாக. "யே டாம்பர் கோளி ஹை."

ஆயிஷாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கபூர் இல்லை. இதற்கு வேறு பேர். அவர்கள் ஊரில் கற்பூரம் என்ற பேரில் வழங்குவது கற்பூரமே இல்லை. அது வேறு சரக்கு, அதன் விஷமும் வேறு. கற்பூரம் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும் என்று டாக்டர் கையைக் காட்டி விளக்கினார். இது இரண்டு மூன்று நாள் பதுங்கியிருந்து பிறகு ரத்தத்தில் கை வைக்கும். தவறான பேரைச் சொன்னவள் அவள். தாயி சொன்னதும் அன்றைய டாக்டர் சொன்னதும் அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைத்தான். உண்மைப் பேரைச் சொல்லியிருந்தால் பிள்ளையை அன்று வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

"மைனே கலத் போலா" என்றாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் இந்தி வரவில்லை. "நாந்தான், நாந்தான்" என்று தமிழில் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. இப்போது ரத்தம் எடுக்கணும். பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்."

அவள் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறும்போதும் ஹம்தான் கத்தவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் பாபட் அவளருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னச் சின்ன இந்தியில் சொன்னார். ரத்தம் உடைகிறது. உடைந்த ரத்தம்தான் மூத்திரத்தில் கறுப்பாகப் போகிறது. உடம்பில் இருக்கவேண்டியதில் பாதிகூட இப்போது இல்லை. வேறு ரத்தம் ஏற்றியாகணும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு மோசமாக ஆகாது. சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும். அது தாய்வழியில் வரும். "உன் அண்ணன் தம்பி யாருக்காவது சின்ன வயதில் ஏதாவது மருந்து கொடுத்து இப்படி மஞ்சளாகி, கறுப்பாகப் போனதுண்டா? கேட்டுச் சொல்."

ஆயிஷா உம்மாவின் நம்பரைத் தேடினாள்.

"உம்மா, அண்ணனுக்கு சின்னப் பிள்ளையில எப்பமாவது ஒண்ணுக்கு கறுப்பா போயிருக்கா?"

"ஏளா, என்ன திடீர்னு? பிள்ளைக்கு என்ன?"

"சொல்லுங்க உம்மா. சீக்கிரம்."

"லியாகத்துக்கா? ஆமா. பள்ளிக்கூடத்துல படிக்கையில மலேரியா காய்ச்சல்னு மாத்திரை குடுத்தாவ. அத முழுங்கி ரெண்டு நாள்ல மஞ்சளாயிட்டான். ஒண்ணுக்கு கரிசக்காட்டுத் தண்ணியா போச்சு. மஞ்சக்காமாலைன்னு சொல்லிக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். மவுத்தாயிருவான்னு நெனச்சேன். அல்லா காப்பாத்துனான். ஏளா ஆயிஷா? அழுவாத, என்னன்னு சொல்லு!"

அவள் போனை அப்படியே கையில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. உறுதியாகச் சொல்லும் டெஸ்ட்டை இப்போது எடுத்தால் சரியாகக் காட்டாது, மூன்று மாதம் போகட்டும், ஆனால் நான் அதுவென்றே வைத்துத்தான் பார்ப்பேன் என்றார்.

வஹாப் ஓடி வந்தான். கட்டிலில் கிடந்த பிள்ளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் தெரிந்ததும் அவன் வாயிலிருந்து முதலில் வந்தது, "கபூர்னு உன்ன யாரு சொல்லச் சொன்னா? தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே!"

அவன் சொன்னதைத்தான் ஆயிஷாவும் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். வஹாபுக்கே தன் வார்த்தை தன் காதில் விழுந்திருக்கவேண்டும். சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"காலைல நீ சொன்னப்பவே வந்திருக்கணும்" என்றான். "லோடு இறக்கிட்டிருந்தேன் நான். லோடு."

ரத்த வங்கிக்கு அவன்தான் ஓடினான். வந்த பை குழந்தையின் தலைமாட்டில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஏற்றும்போதே காய்ச்சல் வரலாம், நடுக்கம் வரலாம், வந்தால் உடனே கூப்பிடு என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். ஆயிஷா ஒரு கையை அவன் நெற்றியிலும் ஒரு கையை அவன் பாதத்திலும் வைத்துக்கொண்டாள். பாதம் சில்லிட்டிருந்தது. சுடவைக்கத் தேய்த்தாள். யாரோ எங்கோ ஒரு பிள்ளையை அதட்டும் சத்தம் கேட்டது. அதட்டக்கூடிய அளவுக்குத் தெம்பாக ஒரு பிள்ளை இருக்கிறது என்று பொறாமையாக இருந்தது.

கிட்னி கெட்டுவிடாமல் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பிள்ளை மூத்திரம் போகும்போதெல்லாம் பிடித்து வைத்து நிறம் பார்க்கவேண்டும். அந்த வேலையை ஆயிஷா நர்ஸிடம் விடவில்லை. முதலில் வந்தது அதே கறுப்பு டீ. அடுத்ததும் அதே. இடையில் நீண்ட நேரம் வரவே இல்லை. அந்த நேரம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. கறுப்பாகவாவது வரட்டும் ரப்பே என்று கெஞ்சினாள். வந்தது. இன்னும் கறுப்பாகத்தான்.

மறுநாள் சுலபா தாயி வந்தார். தூக்குப் பாத்திரத்தில் கிச்சடி. நடந்ததை வஹாப் இந்தியில் சொன்னான். தாயி நின்ற இடத்திலேயே நின்றார். "அன்றைக்கு முகத்துணியை அவிழ்த்திருந்தால் வாசனை எனக்குத் தெரிந்திருக்கும்" என்றார். "என் வீட்டு பாத்ரூமில் அந்த உருண்டை எப்போதும் கிடக்கும். எனக்குத் தெரியாத வாசனையா?" ஆயிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஆயிஷா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இன்னொருவருக்கு ஆறுதல் சொல்லத் தன்னிடம் மிச்சம் இருக்கிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாலை இரண்டாவது பை ரத்தம் ஏறி முடிந்த பிறகு மூத்திரம் கொஞ்சம் வெளுத்தது. ஆயிஷா அதை ஜன்னலுக்கு எடுத்துப்போனாள், விளக்கடியில் பார்த்தாள், வஹாபைக் கூப்பிட்டுக் காட்டினாள். "முன்ன விட வெளுப்பாத்தானே இருக்கு? நீங்க சொல்லுங்க. எனக்கு என் கண்ண நம்ப முடியல." அவனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பேருமே சந்தோஷப்படப் பயந்தார்கள். ஒருமுறை சந்தோஷப்பட்டு ஏமாந்தவர்கள்.

அடுத்த நாள் வெளுத்த டீ நிறம். அதற்கடுத்து வெறும் மஞ்சள். டாக்டர் பாபட் ரத்த ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "உடைவது நின்றுவிட்டது" என்றார். அந்த நேரம் ஹம்தான் கண்ணைத் திறந்து, அன்று தாயி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்திருந்த தூக்குப் பாத்திரத்தைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்தான். கட்டில் முழுக்கக் கிச்சடி. நர்ஸ் திட்டினாள். ஆயிஷா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எதையெல்லாம் கொடுக்கக்கூடாது என்று சொன்னார். மலேரியா மாத்திரையில் சில வகை. சில ஆன்டிபயாடிக். சீமை மொச்சை. இந்த உருண்டை வைத்த துணியைப் போடக்கூடாது, வாசனையே கூடாது. வஹாப் தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆயிஷா குறுக்கே வந்து, "மேடம், ஃபிர் ஸே" என்றாள். டாக்டர் மறுபடி சொன்னார். ஆயிஷா ஒவ்வொரு பேரையும் இந்தியில் சொல்லிப் பார்த்தாள், மராத்தியில் என்னவென்று கேட்டாள், இங்கிலீஷில் எழுத்துக்கூட்டச் சொன்னாள். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

ஊரிலிருந்து மாமியார் தினமும் போன் பண்ணினார். உருண்டையை முடிந்து வைத்தது அவர் கை என்பதால் அவருக்கும் தூக்கமில்லை. "அவளயும் பிள்ளையயும் கொஞ்ச நாளைக்கு இங்க அனுப்பிரு வஹாபு. இங்கன்னா நாலு பேரு இருக்கோம் பாத்துக்க" என்றார். வஹாபுக்கும் அது சரியென்று பட்டது. ராத்திரி சாப்பாட்டில் சொன்னான்.

ஆயிஷா பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். "நான் போகலைங்க" என்றாள்.

"அங்க உனக்குப் பேசவாவது ஆள் இருக்கும்."

"இவனுக்கு என்னன்னு தெரிஞ்ச டாக்டர் இங்கதான் இருக்காவ. அந்த டெஸ்ட்டு முடியாம நான் எங்கயும் வர்றதா இல்ல." பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, "வியாழக்கிழமை ரத்தம் பாக்கணும்னு சொல்லியிருக்காவ. நீங்க கடைக்குப் போங்க, நான் ஆட்டோவுல போயிட்டு வந்துருவேன்" என்றாள்.

வஹாப் அவளைப் பார்த்தான். "தனியாவா?"

"ம்."

வியாழக்கிழமை வஹாப் கடையை மூடிவிட்டுக் கூடவே வந்தான். ஆனால் டாக்டரிடம் அவள்தான் பேசினாள். தப்பும் தவறுமான இந்திதான். ஓர் இடத்தில் வஹாப் திருத்தப் போனான். டாக்டர் கையமர்த்தி, "அவளே சொல்லட்டும்" என்றார்.

ரத்தம் எடுத்த பெண்ணைப் பார்த்ததும் ஹம்தான் வீறிட்டான். கட்டிடமே அதிரும்படி கத்தினான், ஆயிஷாவின் முடியைப் பிடித்து இழுத்தான், காலால் உதைத்தான். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கத்தலைக் கேட்டும் ஆயிஷாவுக்கு மனசு லேசாகவில்லை. ரிசல்ட் வர மதியமாகும் என்றிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, அழுது ஓய்ந்த பிள்ளையின் கீழ் இமையை இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தாள்.